அறிந்தும் பின்பற்றாதது ஏன்? பெருந்தொற்றுக் காலத் தடுப்பு நெறிகளும் மனநிலையும்

கோவிட்-19 நோயை உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என வகைப்படுத்தியது. முகக்கவசம் அணிதல், கைகளைக் கழுவுதல், இடைவெளி காத்தல் ஆகியவற்றை அறியாதவர் அதன்பின் அரிது. ஆயினும், அறிந்த அனைவரும் அவற்றைத் தொடர்ந்து பின்பற்றவில்லை. இதற்கு அலட்சியம் மட்டுமே காரணமன்று. ஆபத்தை மனம் எடைபோடும் முறையும் காரணமாகும்.

மனம் எடைபோடும் நான்கு கேள்விகள்

1950களில், காசநோயைக் கண்டறிய அளிக்கப்பட்ட இலவசப் பரிசோதனைக்குக்கூடப் பலர் வராதது ஏன் என அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் உளவியலாளர்கள் ஆராய்ந்தனர். அதிலிருந்து உருவான கோட்பாட்டின்படி, மனம் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறது:

• இந்நோய் எனக்கு வருமா?
• வந்தால் கடுமையாக இருக்குமா?
• இந்த நடவடிக்கையால் பயன் உண்டா?
• அதனால் எனக்கு ஏற்படும் சிரமம் எவ்வளவு?

இவற்றுள் ஒன்றற்கான விடை பாதகமாக அமைந்தாலும் தடுப்பு நெறி கைவிடப்படலாம்.

தடையாக அமையும் மனநிலைகள்

• கண்ணுக்குத் தெரியாத பயன்: மருந்து உண்டதும் காய்ச்சல் தணிவதை உணர்கிறோம். தடுப்பு நடவடிக்கை வெற்றி பெற்றாலோ எதுவும் நிகழ்வதில்லை. எனவே அது வீண் எனத் தோன்றுகிறது.
• உறவினர்மீதுள்ள நம்பிக்கை: பேருந்தில் முகக்கவசம் அணிபவர், உறவினர் வீட்டு விசேஷத்தில் அதனைக் கழற்றிவிடுகிறார். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து கோவிட் தொற்று பரவக்கூடும்.
• சோர்வு: கட்டுப்பாடுகள் நீண்ட நாள் தொடரும்போது தொடக்கத்தில் இருந்த அச்சமும் ஊக்கமும் குறைகின்றன. இது இயல்பானதே.
• ஒதுக்கப்படும் அச்சம்: அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என அஞ்சி அறிகுறியை மறைப்பவர், சிகிச்சைக்குரிய நாள்களை இழக்கிறார்.

பராமரிப்பவர்கள் செய்யத்தக்கவை

• கடிந்துகொள்ளாதீர்கள். "எது சிரமமாக இருக்கிறது?" எனக் கேளுங்கள். மூச்சு முட்டுவதாகக் கூறுபவருக்குத் தேவை அறிவுரையன்று, பொருத்தமான முகக்கவசம்.
• பொதுவாக அச்சுறுத்துவதைவிட, "பாட்டிக்குச் சர்க்கரை நோய் உள்ளது, அவருக்குத் தொற்று கடுமையாகலாம்" எனக் காரணத்தை விளக்குங்கள்.
• முகக்கவசத்தை வாசலருகிலும், சோப்பைக் கைக்கெட்டும் இடத்திலும் வையுங்கள். எளிதாக அமைந்த செயலே பழக்கமாகும்.
• பெரியவர்கள் முதலில் பின்பற்றுங்கள். பிள்ளைகள் சொல்லைவிடச் செயலையே பார்க்கின்றனர்.
• தனிமைப்படுத்தப்பட்டவரிடம் தொலைபேசியிலோ, இடைவெளி விட்டோ நாள்தோறும் பேசுங்கள். தனிமைப்படுத்தல் என்பது தண்டனையன்று என்பதை அவர் உணர வேண்டும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மூச்சுத்திணறல், தொடர்ந்த நெஞ்சுவலி, மனக்குழப்பம், அல்லது இரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் குறைதல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள்.

அச்சம் மிகுதியாவதும் கவனிக்கத்தக்கதே. உறக்கமின்மை, ஓயாமல் கை கழுவுதல், தொற்றுக்கு அஞ்சி வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்தல் ஆகியவை இருப்பின், 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

ஒருநாள் தவறியதால் எல்லாம் வீணாகிவிட்டதாகக் கருத வேண்டாம். மறுநாள் மீண்டும் தொடங்குவதும் பாதுகாப்பே.