சிங்கப்பூர்த் தமிழ்த் திருச்சபையும் மெசியாவை அறிந்த அறிக்கையும்

சிங்கப்பூரின் தமிழ்க் கத்தோலிக்கர் தங்களுக்கென ஒரு கோவில் எழுப்பும் முன்னர், சீனக் கத்தோலிக்கரோடு ஒரே பீடத்தைப் பகிர்ந்துகொண்டனர். குவீன் தெருவில் 1870இல் கட்டி முடிக்கப்பட்ட இராயப்பர் சின்னப்பர் ஆலயம் இரு மக்களுக்கும் பொதுவானது. அதை எழுப்பிய பிரெஞ்சுக் குரு பியேர் பாரிஸ் சீனமும் தமிழும் கற்று, இரு சாராருக்கும் ஞானப்பணி செய்தார்.

அந்த ஆலயத்தின் பாதுகாவலரான இராயப்பரின் வாழ்வில்தான் திருச்சபையின் அடையாளம் இனமா, மொழியா, கட்டடமா என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பிலிப்புச் செசரியாவில் இயேசு தம்மை யாரென்று சீடர்களிடம் கேட்டார். அவரே மெசியா என்று இராயப்பர் அறிக்கையிட்டார். அதன் பிறகே இயேசு, இந்தப் பாறையின்மேல் தம் திருச்சபையைக் கட்டுவதாகச் சொன்னார் என்கிறது மத்தேயு நற்செய்தி. பாறை என்பது இராயப்பரும் அவர் வழிவந்தவர்களுமே என்பது கத்தோலிக்கப் போதனை; அவர் செய்த அறிக்கையே பாறை என்பது சீர்திருத்த சபையார் பலரின் விளக்கம். இந்த வேறுபாடு பெரிதுதான். ஆயினும் முதலில் மெசியாவை அறிதல், பிறகே சபை என்ற வரிசையை இரு தரப்பும் மாற்றுவதில்லை. இனமும் மொழியும் கட்டடமும் அதற்கு அடுத்தவையே.

மெசியாவை அறிந்த மற்றொரு சீடரின் பெயர் சிங்கப்பூரின் இன்னொரு ஆலயத்துக்கு உண்டு. ஆங்கிலிக்கரின் புனித அந்திரேயா பேராலயத்துக்கு, ஸ்காட்லாந்தின் பாதுகாவலரான அந்திரேயாவின் பெயரைப் பெற்றுத் தந்தவர்கள் ஸ்காட்லாந்து வணிகர்கள். மெசியாவைக் கண்டுகொண்ட செய்தியைத் தம் சகோதரன் இராயப்பரிடம் முதலில் சொன்னவர் இந்த அந்திரேயா என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. இன்றுள்ள பேராலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து அரைத்த சென்னைச் சாந்தை அவர்கள் சுவரில் பூசி மெருகேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். பேராலயத்தின் வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் மிகப் பெரியது.

தமிழ்க் கத்தோலிக்கர் தொகை பெருகியபோது தனிக்கோவில் தேவைப்பட்டது. ஓஃபிர் சாலையில் 1886இல் அடிக்கல் நாட்டி, 1888இல் மந்திரிக்கப்பட்ட லூர்து மாதா கோவில், பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் அமைந்தது. அதன் முதல் பங்குக் குரு மெனூவ்ரியே. சிராங்கூன் சாலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு மட்டுமன்றித் தீவு முழுவதிலுமிருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கும் அதுவே பங்கு ஆயிற்று. இதை இனப்பிரிவினையாகக் கொள்வது தவறு. பாவசங்கீர்த்தனமும் இறுதி வேளை மன்றாட்டும் தாய்மொழியில் அமைய வேண்டும் என்பது நியாயமான தேவை.

மெதடிஸ்டுகளும் இந்தத் தேவையை உணர்ந்தனர். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885இல் தொடங்கிய மிஷனிலிருந்து தமிழ் ஊழியம் வளர்ந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஷார்ட் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் மூன்று ஆண்டு மாநாட்டு அமைப்புகளுள் ஒன்றான இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு தமிழ்ச் சபைகளுக்கானது.

1974இல் லூர்து மாதா கோவில் வட்டாரப் பங்காக மாறியது. அதுவரை மொழியால் கூடிய பங்கில் அக்கம்பக்கத்துச் சீனரும் யுரேஷியரும் உறுப்பினராயினர். தமிழ்த் திருப்பலி நின்றுவிடவில்லை. 2005இல் கோவில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களும் பல தலைமுறைகளாக அங்கு வாழும் குடும்பங்களும் ஆங்கிலம் பேசும் அயலாரும் இன்று அந்த ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள்.