கணக்குப்பிள்ளையின் கத்தி

போன மாதம் எங்கள் கல்லூரியில் விழா. வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த காவலாளி அண்ணன் என் பையின் அடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துவிட்டார். "காமர்ஸ் படிக்கிற பையனுக்கு எதுக்குப்பா கத்தி?" என்றார். பின்னால் நின்ற கூட்டம் என்னை ரவுடியைப் பார்ப்பது போலப் பார்த்தது. "பென்சில் சீவண்ணே" என்றேன். நம்பவில்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் போனால் அதே கத்தியால் கொய்யாப்பழம் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

கத்தி திரும்பி வந்துவிட்டது, கேள்வி மட்டும் போகவில்லை. எங்கள் காட்டேரிக்குப்பம் பக்கம் கத்தி இல்லாத இடுப்பையே முன்பெல்லாம் பார்ப்பது அரிது என்பார் என் தாத்தா. பாளை சீவுகிறவருக்கு ஒரு கத்தி, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் கரும்பு வெட்டப் போனவருக்கு ஒரு கத்தி, ஆடு மேய்க்கிறவருக்குக் குழை ஒடிக்க ஒரு கத்தி. அவர்களை யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. கணக்குப் படிக்கிறவனிடம்தான் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் மடக்கிச் செருகிக்கொள்ளும் கத்தியை அன்றாடம் வைத்திருந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவரே கணக்குப்பிள்ளைதான்!

எப்படி என்று சொல்கிறேன். பனையோலையில் எழுத எழுத்தாணி மட்டும் போதாது. ஓலையின் ஈர்க்கை நீக்க வேண்டும், ஓரங்களை ஒரே அளவாக வார வேண்டும். அதற்குக் கத்தி வேண்டும். அதனால் எழுத்தாணியோடு கத்தியையும் சேர்த்தே செய்தார்கள். உ.வே.சாமிநாதையர் (1855-1942) 'என் சரித்திரம்' நூலில் தன் இளமைக்கால எழுத்தாணி வகைகளைச் சொல்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. இதில் மடக்கெழுத்தாணிதான் நம் ஆள். ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் எழுத்தாணி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். சுவிஸ் கத்தி என்று நாம் வாய் பிளந்து பார்க்கிற சங்கதி, கும்பகோணம் பக்கத்துத் திண்ணைகளில் சர்வ சாதாரணமாகக் கிடந்திருக்கிறது.

இதே காலத்துக்குச் சற்று முன்னால் போனால் ஐரோப்பாவிலும் கதை இதுதான். அங்கே எழுதியது வாத்து இறகால். இறகின் முனை எழுத எழுத மழுங்கும், அடிக்கடி சீவ வேண்டும். அதற்கென்று குமாஸ்தாக்கள் வைத்திருந்த சிறு கத்திக்குப் பெயர்தான் பேனாக்கத்தி. 'பென்னா' என்றால் லத்தீனில் இறகு. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் தொழிற்சாலைகள் இரும்பு நிப்புகளை மலிவாகக் கொட்டத் தொடங்கியதும் இறகு போய்விட்டது. கத்தியும் பெயரும் தங்கிவிட்டன. நாமும் காரணம் தெரியாமலே பேனாக்கத்தி என்கிறோம்.

இப்போது புதுச்சேரியை நினைத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு, துய்ப்ளேக்சு கவர்னர், ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷி. பிரெஞ்சுக் கும்பெனியின் எழுத்தர் இறகு சீவ ஒரு கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். ஊர்ப்புறத்துக் கணக்கர் ஓலை வார ஒரு கத்தியோடு வருகிறார். இரண்டு பேர் மடியிலும் கத்தி, இரண்டு பேர் வேலையும் கணக்கு. இது நானே கற்பனை செய்து பார்க்கிற காட்சி. ஆனால் நடந்தே இருக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, என் கத்திக்கு வருகிறேன். அது பிரான்சின் ஒப்பினல், எட்டாம் நம்பர். எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்தா தாத்தா கொடுத்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) அந்த வீடுகளில் பென்ஷன் புத்தகத்தோடு இப்படி ஏதாவது ஒரு பொருளும் இருக்கும். 1890இல் சவோய் மலைப்பகுதியில் கருவிகள் செய்யும் கொல்லர் குடும்பத்துப் பையன் ஜோசப் ஒப்பினல் இதைச் செய்தபோது அவனுக்கு 18 வயது. என்னைவிடச் சின்னவன்! அக்கம்பக்கத்து விவசாயிகளுக்காகச் செய்தான். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, அவ்வளவுதான். 1897இல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு அளவுகள் வந்தன. விரித்த கத்தி கைமேல் மடங்காமல் இருக்கப் பூட்டு வளையம் சேர்ந்தது 1955இல். அலகில் கிரீடம் வைத்த கை ஒன்று பொறித்திருக்கும். அது அந்த ஊர்ப்பக்கத்து செயின்ட் ஜான் தேவாலயத்தின் திருப்பண்டமான விரல்களையும், சவோய் கோமகன்களின் கிரீடத்தையும் குறிக்கிறது.

மலைநாட்டுக் கத்தி நம் ஐப்பசி மழைக்குத் திணறுகிறது. மரப்பிடி ஈரம் குடித்து ஊதிவிடும், அலகு வெளியே வராது. நகம் உடைவதுதான் மிச்சம். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நான் திண்ணையில் தட்டுகிறேன். எஃகு துருப்பிடிக்கிற ஜாதி. மாங்காய் நறுக்கினால் கறுத்துவிடும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் ஒன்றும் ஆவதில்லை.

ஒப்பினல் தவிர என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று சிவப்பு சுவிஸ் கத்தி, வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது. இதன் கதை ராணுவக் கதை. 1889ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டும், டப்பா உணவைத் திறக்கவும் ஏதாவது வேண்டும் என்று சுவிஸ் ராணுவம் யோசித்ததில் பிறந்தது. உள்நாட்டில் அத்தனை கத்தி செய்ய ஆள் இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தது. கார்ல் எல்சனர் என்பவர் 1891இல் அந்த வேலையைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்றைய சிவப்புக் கத்தியின் முன்னோடிக்கு 1897இல் உரிமம் பதிந்தார்.

இன்னொன்று நண்பன் மூலம் வாங்கிய ஜப்பானின் ஹிகோனோகாமி. 1890களில் ஹியோகோ மாகாணத்து மிகி நகரில் தோன்றியது. மடித்த தகட்டுப் பிடி, பூட்டு கிடையாது. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் பையில் வைத்திருந்தார்கள். எதற்கு? பென்சில் சீவ! (காவலாளி அண்ணன் கவனிக்க.) 1960 அக்டோபரில் அசனுமா என்ற சோஷலிஸ்ட் தலைவரை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் குத்தியது குட்டை வாளால், பென்சில் கத்தியால் அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பெயரை முறைப்படி வைத்துக்கொள்ளும் பட்டறை இன்று ஒன்றுதான்.

நம் நாட்டில் அந்தக் கெட்ட பெயர் ராம்பூரிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இந்திப் பட வில்லன்கள் பளிச்சென்று விரித்த கத்தி அது. நம் சினிமாவிலும் அடியாள் என்றால் கையில் மடக்குக் கத்தி. 1990களில் உத்தரப்பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளுக்குத் தடை போட்ட பிறகு அங்கே தொழில் படுத்துவிட்டது. 2023இல் ஊரின் நாற்சந்தியில் கத்திக்கு ராட்சதச் சிலை வைத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத விதிகள் கூர் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் மட்டும் 1980இலிருந்து பட்டன் கத்திகளுக்கு மூன்று அங்குல அளவிலேயே கட்டுப்பாடு. என் ஒப்பினலின் அலகு எட்டரை சென்டிமீட்டர். ஆனால் விமானம், நீதிமன்றம், கல்லூரி எல்லாம் தனி. அங்கே உள்ளே விடுகிறவர் வைத்ததுதான் விதி, அதில் எனக்கு மனக்குறை இல்லை. நூறு பைகளைப் பார்க்கிறவருக்கு எந்தப் பையன் பென்சில் சீவுவான், எவன் வேறு எதையோ சீவுவான் என்று எப்படித் தெரியும்?

அதனால் கல்லூரி நாட்களில் கத்தி வீட்டில். மற்ற நாட்களில் மாறி மாறி ஒவ்வொன்று சட்டைப்பையில் இருக்கும். சாப்பாட்டுக்கு வாழை இலை நறுக்க, பார்சல் பிரிக்க, கரும்பின் கணு சீவ. இலை நறுக்க ஒப்பினலை மிஞ்ச ஆளில்லை. சுவிஸ் கத்தியில் அம்மாவுக்குக் கத்தரிக்கோல் மட்டும் பிடிக்கும்.

மடக்கெழுத்தாணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் ஆசை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்த சைவச் சுவடிகள். ஓரம் பிசகாமல் ஒவ்வொரு ஓலையையும் யாரோ ஒருவர் கத்தியால் வாரியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப்பெட்டியில், பிடிக்குள் மடங்கும் பழைய எழுத்தாணி ஏதும் கிடந்தால் சொல்லுங்கள். சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.