ஹிஜ்ரத் என்ற பெயரில் ஒரு நாடுகடத்தல்

இமாம் ஷாமிலின் போராட்டத்தை நம்மில் பலர் அறிவோம். 1859இல் தாகெஸ்தானில் அவர் சரணடைந்ததோடு காக்கேசிய வரலாற்றை நாம் முடித்துவிடுகிறோம். அதன் பின்னர்தான் ரஷ்யப் படை முழு பலத்தோடும் மேற்கே, கருங்கடற்கரையில் வாழ்ந்த சர்க்காசியர் மீது திரும்பியது.

அந்தக் கரையை 1829ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே உஸ்மானிய அரசு ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. தான் ஒருநாளும் முழுமையாக ஆளாத நிலத்தைத் தாரை வார்த்த விந்தை அது! சர்க்காசியர் அதனை ஏற்கவில்லை. 1861இல் அவர்களின் தலைவர்கள் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரை நேரில் கண்டு முறையிட்டனர். மலையை விட்டிறங்கிக் குபான் சமவெளியில் குடியேறுங்கள், இல்லையேல் உஸ்மானிய நாட்டுக்குச் செல்லுங்கள் என்பதே கிடைத்த பதில். பிறகு கிராமங்கள் ஒவ்வொன்றாக எரிக்கப்பட்டன. காலியான நிலத்தில் கசாக்குகள் குடியமர்த்தப்பட்டனர். 1864 மே 21 அன்று சோச்சிக்கு மேலே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ரஷ்யப் படை வெற்றி அணிவகுப்பு நடத்தியது. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2014 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்ததும் அதே இடத்தில்தான்.

கரையில் குவிந்தவர்களைக் கொள்ளளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் திராப்சோன், சாம்சூன் துறைமுகங்களுக்குச் சென்றன. பசியும் அம்மையும் டைபஸ் காய்ச்சலும் வழியிலும் கரையிலும் அவர்களைக் கொன்றன. ரஷ்யத் தரப்புக் கணக்கிலேயே காக்கேசியாவை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 5 லட்சம். இன்னும் அதிகம் என்போரும் உண்டு. இறந்தோரின் உடல்கள் வீசப்பட்ட கடல் என்பதால் கருங்கடல் மீனை உண்ணாத சர்க்காசியர் பின்னாளிலும் இருந்தனர்.

உஸ்மானிய ஆவணங்கள் இவர்களை முஹாஜிர்கள் என்றே குறிக்கின்றன. வீடு எரிக்கப்பட்டுத் துரத்தப்பட்டவருக்கு அந்தக் கண்ணியமான பெயர் ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால், அன்ஸாரிகள் மதீனாவில் செய்ததை இங்கே எதிர்பார்த்துவிட வேண்டாம். படைக்கும் குடியேற்றத்துக்கும் ஆள் வேண்டும் என்று வரவேற்ற அரசிடம் போதிய உணவோ இருப்பிடமோ இல்லை. துறைமுகங்களில் பசி தாளாமல் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். வாங்கியவர்களும் கலிமா சொன்னவர்களே. ரஷ்யாவின் கொடுமையை எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நாமும் அவ்வாறே பாடம் நடத்தி வந்தோம்.

பால்கனில் குடியமர்த்தப்பட்டவர்கள் 1877-78 போருக்குப் பின் மீண்டும் பெயர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பிரிவினர் அன்று பாழடைந்து கிடந்த அம்மானுக்கு வந்து, ரோமானியர் கட்டிய அரங்கின் இடிபாடுகளில் தங்கினர். இன்றைய ஜோர்தானியத் தலைநகர் அவர்களிடமிருந்தே மீண்டும் வளரத் தொடங்கியது.

சோச்சிப் பகுதியில் வாழ்ந்து, ஏறக்குறைய ஒருவர் விடாமல் வெளியேறிய உபிக் குலத்தாருக்கு அண்டை மக்களான சர்க்காசியரின் மொழியிலிருந்து வேறுபட்ட சொந்த மொழி ஒன்று இருந்தது. 80க்கும் மேற்பட்ட மெய்யொலிகள் கொண்ட அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச், 1992இல் துருக்கியில் காலமானார்.