கால் மைல் ஓட்டப் பதிவேடு

கால் மைல் ஓட்டப் பதிவேடு என்பது, மாற்றியமைக்கப்பட்ட தானுந்து ஒன்று டிராக் பந்தயத் தளத்தில் பல ஆண்டுகளாக ஓடிய ஓட்டங்களின் நேரம், வேகம், வானிலை, தானுந்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றை ஓட்டவாரியாகக் குறித்துவைக்கும் தொடர் குறிப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில், வார இறுதிகளில் தமது சொந்தத் தானுந்தைக் கொண்டு ஓட்டும் ஆர்வலர்கள் முதல் தொழில்முறை அணிகள் வரை இவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றனர். "டிராக்" என்பது இங்கு ஒரு பந்தய வகையின் பெயர். ஓடுபாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் இவ்வாறே அமைந்துவிடுவதால் குழப்பம் நேர்வதுண்டு. இக்கட்டுரையில் ஓடுபாதை "தளம்" என்றே குறிக்கப்படுகின்றது.

டிராக் பந்தயத்தில் இரண்டு தானுந்துகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி (402.3 மீட்டர்) தொலைவைக் கடக்கின்றன. ஓட்டம் பத்துப் பதினைந்து வினாடிகளில் முடிந்துவிடும். ஆனால், ஒரு மாற்றம் பயன் தந்ததா இல்லையா என்பதை அந்தச் சில வினாடிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது. கடப்பு நேரம் ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் ஒப்பிடுபவர் தவறான முடிவுக்கு வர வாய்ப்பு மிகுதி.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், கலிபோர்னியாவில் பழைய தானுந்துகளைத் திருத்தி வேகமாக ஓட்டும் பழக்கம் இளைஞரிடையே பரவியது. 1950 ஆம் ஆண்டில் சாண்டா ஆனா வானூர்தித் தளத்தில் கட்டணம் பெற்று நடத்தப்பட்ட டிராக் பந்தயங்கள் தொடங்கின. 1951 இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருக்களில் நடந்த ஆபத்தான போட்டிகளை ஒழுங்குபட்ட தளங்களுக்குக் கொண்டுவருவது இதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. இச்சங்கம் தனது முதலாவது தேசியப் போட்டியை 1955 இல் கான்சாசு மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடத்தியது. தொடக்கத்தில் கொடி அசைத்தே ஓட்டத்தைத் தொடக்கி வைத்தனர். "கிறிஸ்துமஸ் மரம்" எனப்படும் விளக்குக் கம்பம் 1963 இல் அறிமுகமானது.

நேரச்சீட்டு

ஓட்டம் முடிந்து திரும்பும் ஓட்டுநரிடம் ஒரு சிறு காகிதச் சீட்டு அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றது. பதிவேட்டின் மூலப்பொருள் இதுவே. பொதுவாக 60, 330, 660, 1,000, 1,320 ஆகிய அடி எல்லைகளைக் கடந்த நேரங்களும், 660 அடியிலும் முடிவிலும் இருந்த வேகங்களும் அதில் இருக்கும். இவற்றுடன் எதிர்வினை நேரமும் தரப்படும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது எதிர்வினை நேரத்தையே. பச்சை விளக்கு எரிவதற்கும் தானுந்து அசைவதற்கும் இடைப்பட்ட தாமதம் கடப்பு நேரத்தில் சேராது. முன் சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகின்றது. எனவே, விளக்கைக் கண்டும் சற்று உறங்கிவிட்ட ஓட்டுநர் பந்தயத்தில் தோற்கலாம். அவரது தானுந்தின் கடப்பு நேரம் அதனால் கெடுவதில்லை. மாறாக, சக்கரத்தை ஒளிக்கற்றைக்குள் எவ்வளவு முன்தள்ளி நிறுத்துகின்றார் என்பது கடப்பு நேரத்தை மாற்றும். விளிம்பிலேயே நிறுத்தினால், கடிகாரம் தொடங்கும் முன் தானுந்துக்கு ஏறத்தாழ ஓர் அடி இலவச ஓட்டம் கிடைக்கும். உள்ளே தள்ளி நிறுத்தினால் அந்த ஆதாயம் குறைந்துவிடும். ஒரே தானுந்து, ஒரே நாள், ஒரே ஓட்டுநர் என்றாலும் நிறுத்தும் முறை மாறினால் நேரம் மாறும்.

நேரமும் வேகமும் உணர்த்துவன

முடிவு வேகம் பொறியின் திறனைக் காட்டுகின்றது. 60 அடி நேரம் டயரின் பிடிப்பைக் காட்டுகின்றது. கடப்பு நேரம் இவ்விரண்டும் கலந்த விளைவு ஆகும். பதிவேட்டை வாசிக்கும் கலை பெரும்பாலும் இந்த ஒன்றில் அடங்கியுள்ளது.

இதற்கான இயற்பியல் எளியது. முழு ஓட்டத்திலும் மாறாத திறன் சக்கரங்களுக்குச் செல்வதாகக் கொண்டால், வேகத்தின் முப்படி, திறனையும் தொலைவையும் பெருக்கி அதன் மும்மடங்கைப் பொருண்மையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குச் சமம். அதாவது, வேகம் திறன்-எடை விகிதத்தின் முப்படி மூலத்தைப் பின்பற்றுகின்றது. தானுந்து எழுத்தாளர் ரோஜர் ஹண்டிங்டன் இத்தகைய வாய்பாட்டைப் பட்டறிவின் வழி முன்னரே வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் பேட்ரிக் ஹேல் தந்த வடிவம் இன்று பரவலாகப் பயன்படுகின்றது. அதன்படி, குதிரைத்திறனை எடையால் (பவுண்டில்) வகுத்து, முப்படி மூலம் கண்டு, 234 ஆல் பெருக்கினால் முடிவு வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். எடையைத் திறனால் வகுத்து, முப்படி மூலத்தை 5.825 ஆல் பெருக்கினால் கடப்பு நேரம் வினாடியில் கிடைக்கும்.

இவ்விரு மாறிலிகளின் பெருக்குத்தொகை ஏறத்தாழ 1,363. மாறாத் திறன் என்னும் தூய கணக்கில் இது 1,350 ஆக அமையும். நன்கு புறப்பட்ட ஒரு தானுந்தின் கடப்பு நேரத்தையும் முடிவு வேகத்தையும் பெருக்கினால் இந்த எண்ணின் அருகில் விடை வரவேண்டும். மிகுந்தால் புறப்பாட்டில் நேரம் வீணாகியுள்ளது என்றும், குறைந்தால் புறப்பாடு மிக வலுவானது அல்லது ஓட்டத்தின் பிற்பகுதியில் திறன் தளர்ந்தது என்றும் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஓட்டுநருடன் 3,200 பவுண்டு (1,451 கி.கி.) எடையுள்ள ஒரு கற்பனைத் தானுந்தைக் கொள்வோம். முதற்பருவத்தில் அது 1.8 வினாடி 60 அடி நேரத்துடன், 12.6 வினாடியில், மணிக்கு 108 மைல் வேகத்தில் முடிக்கின்றது. வாய்பாட்டின்படி திறன் ஏறத்தாழ 315 குதிரைத்திறன். அடுத்த பருவத்துக்கு முன் உரிமையாளர் பொறியைத் திருத்துகின்றார். இப்போது நேரம் 12.9 வினாடி. பணமும் உழைப்பும் வீண் என்றே தோன்றும். ஆனால், சீட்டில் முடிவு வேகம் 112 மைல். 60 அடி நேரமோ 2.2 வினாடி. வேகத்திலிருந்து கணித்தால் திறன் ஏறத்தாழ 350 ஐ எட்டியுள்ளது. பெருக்குத்தொகை 1,445 ஆக உயர்ந்துள்ளது. பொறி தன் வேலையைச் செய்திருக்கின்றது. கூடிய திறனைப் பழைய டயர்களால் தாங்க முடியவில்லை. முதல் 60 அடியில் இழக்கும் ஒவ்வொரு பத்திலொரு வினாடியும் முடிவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் திரும்பும். எனவே டயரை மாற்றினால் நேரம் 12.2 க்கு அருகில் வரும் என எதிர்பார்க்கலாம். நேரத்தை மட்டும் குறித்தவர் நல்ல பொறியைக் கழற்றிப் பழைய நிலைக்கே கொண்டுசென்றிருப்பார்.

காற்றின் பங்கு

பொறி எரிபொருளை எரிக்கக் காற்று வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் உயரமும் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. இம்மூன்றையும் ஒரே எண்ணாகத் தொகுப்பது "அடர்த்தி உயரம்" எனப்படும் வானூர்தியியல் அளவு ஆகும். கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 பாகை செல்சியசிலிருந்து 35 பாகைக்கு உயர்ந்தால், உலர்ந்த காற்றிலேயே அடர்த்தி உயரம் ஏறத்தாழ 2,400 அடி ஆகிவிடும். மிகையழுத்தக் கருவி இல்லாத பொறி இதனால் ஏறத்தாழ 7 விழுக்காடு திறனை இழக்கும். மேலே கண்ட தானுந்துக்கு இது கால் வினாடிக்கும் சற்று மிகுந்த இழப்பு. வசந்த காலத்தில் ஓடிய சீட்டையும் கோடையில் ஓடிய சீட்டையும் திருத்தமின்றி அருகருகே வைப்பதில் பொருளில்லை.

கொலராடோ மாநிலத்தில் மோரிசன் நகருக்கு அருகில் 1958 முதல் 2023 வரை இயங்கிய பாண்டிமியர் தளம், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் அமைந்திருந்தது. இத்தகைய உயரமான தளங்களில் ஓடிய நேரங்களுக்குச் சங்கம் திருத்தக் காரணிகளை வகுத்துள்ளது. டர்போ பொருத்திய பொறிகள் உயரத்தால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. எனவே ஒரே காரணியை எல்லாத் தானுந்துகளுக்கும் பயன்படுத்துவது முறையன்று.

குறித்துவைக்க வேண்டியவை

வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை, டயர் அழுத்தம், எரிபொருளின் அளவு, ஓட்டுநரோடு சேர்ந்த எடை, புறப்படும்போது பொறியின் சுழற்சி வேகம் ஆகியன வழக்கமான குறிப்புகள். தளத்தின் பரப்பும் நாளுக்கு நாள் மாறும். பிசின் தெளித்து, ரப்பர் படிந்து, வெயிலில் பக்குவப்பட்ட தளத்துக்கும் மழைக்குப் பின் கழுவப்பட்ட தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை 60 அடி நேரம் உடனே காட்டிக்கொடுக்கும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்வதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று ஓட்டங்களேனும் ஓடி அவற்றின் இடைநிலை மதிப்பை எடுப்பதும் நல்ல வழக்கங்கள். நடைமுறையில் பெரும்பாலோர் குறித்துவைப்பது தமது மிகச்சிறந்த ஓட்டத்தை மட்டுமே. அது பெருமைக்கு உதவும். பின்காற்று வீசிய ஒரு குளிர்ந்த மாலையின் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்தைத் திட்டமிட முடியாது.

முன்கணிப்புப் பந்தயம்

வெவ்வேறு திறனுள்ள தானுந்துகள் சமமாக மோதுவதற்காக ஏற்பட்ட பந்தய வகையில், ஓட்டுநர் தாம் எடுக்கவிருக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்துத் தானுந்தின் கண்ணாடியில் எழுதிவைக்கின்றார். மெதுவான தானுந்து அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப முன்னதாகப் புறப்பட விடப்படும். அறிவித்ததை விட விரைவாக ஓடிவிட்டால் பொதுவாகத் தோல்வி. எனவே இங்கு வெல்வது அதிவேகத் தானுந்து அன்று; தன்னைத்தானே அறிந்த தானுந்து. காலையில் ஓடிய சீட்டு, அப்போதைய அடர்த்தி உயரம், பிற்பகல் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு நூற்றிலொரு வினாடித் துல்லியத்துக்குக் கணிக்க வேண்டியிருப்பதால், பல ஆண்டுப் பதிவேடு உள்ளவரே இதில் நிலைக்கின்றார்.

பாதுகாப்பு எல்லைகள்

தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிகள் கடப்பு நேரத்தை ஒட்டியே பாதுகாப்புக் கருவிகளை நிர்ணயிக்கின்றன. நீண்டகாலமாக நிலவிய எல்லைகளின்படி, 13.99 வினாடி அல்லது அதைவிட விரைவாக ஓடினால் தலைக்கவசமும், 11.49 முதல் கவிழ்வுத் தடுப்புக் கம்பியும், 9.99 வினாடி அல்லது மணிக்கு 135 மைலை எட்டினால் முழுக் கூண்டும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். அண்மைக்காலத் தொழிற்சாலைத் தானுந்துகளுக்கு இவ்வெல்லைகள் பின்னர் சில தளர்வுகளுடன் திருத்தப்பட்டன. 12.2 இலிருந்து 11.6 க்கு வந்துவிட்ட தானுந்தின் உரிமையாளர், குளிர்ந்த இரவொன்றில் எதிர்பாராமல் 11.4 ஓடிவிடக்கூடும். அந்நிலையில் தளத்தினர் அவரை அன்றைய ஓட்டத்திலிருந்து விலக்கலாம். பதிவேட்டின் போக்கைக் கவனித்து வருபவர் கம்பியைப் பொருத்திவிட்டே அடுத்த திருத்தத்தைத் தொடங்குவார். டாட்ஜ் நிறுவனம் 2017 இல் அறிமுகப்படுத்திய சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமன், 9.65 வினாடியில், மணிக்கு 140 மைல் வேகத்தில் கால் மைலைக் கடந்ததாகச் சங்கத்தால் சான்றளிக்கப்பட்டது. கூண்டு இல்லாத காரணத்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அது சங்கத்தின் போட்டிகளில் அனுமதிக்கப்படவில்லை.

வெள்ளை சோம்பி

ஒரே தானுந்தை நெடுங்காலம் தொடர்ந்து திருத்தி அளந்ததற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் வேலண்ட் உருவாக்கிய "வெள்ளை சோம்பி" ஆகும். இது 1972 ஆம் ஆண்டு டாட்சன் 1200 வகைச் சிறு தானுந்து. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 69 குதிரைத்திறன் பெட்ரோல் பொறி கொண்டிருந்த இவ்வகைத் தானுந்தை வேலண்ட் மின் தானுந்தாக மாற்றினார். இரண்டு நேர்மின்னோட்ட மோட்டார்கள் ஒரே தண்டில் இணைக்கப்பட்டு, கியர்பெட்டி இன்றி நேரடியாகப் பின்சக்கரங்களை இயக்கின.

ஈய அமில மின்கலங்களோடு அது 12 வினாடிகளை நெருங்கியது. மின்கலங்களை மாற்றி லித்தியம் வகைக்கு வந்ததும் நேரம் 11 வினாடிகளின் இடைப்பகுதிக்கு இறங்கியது. 2010 இல் மேம்பட்ட லித்தியம் மின்கலத் தொகுதியுடன் 10.258 வினாடி, மணிக்கு 123.79 மைல் என்ற ஓட்டம் பதிவாயிற்று. ஈய அமில மின்கலங்களில் மின்னோட்டம் உயரும்போது மின்னழுத்தம் பெரிதும் சரிந்துவிடும். தளத்தின் பிற்பாதியில் மோட்டார்களுக்குப் போதிய திறன் எட்டாது. அந்தத் தடை தளர்ந்த அளவுக்கே நேரம் இறங்கியது.

2010 ஆம் ஆண்டு ஓட்டத்தின் நேரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 1,270 கிடைக்கின்றது. இது முன்னர்க் குறிப்பிட்ட 1,363 ஐ விட வெகுவாகக் குறைவு. 10.258 வினாடியில் ஓடும் வழக்கமான பெட்ரோல் தானுந்து மணிக்கு ஏறத்தாழ 133 மைல் வேகத்தில் முடித்திருக்கும். அசைவற்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும் மின்மோட்டார், தன் நேரத்தைத் தொடக்கத்திலேயே ஈட்டிவிடுகின்றது என்பதை இவ்விரண்டு எண்களே காட்டுகின்றன. எரிப்பதற்குக் காற்று தேவையில்லாததால் அடர்த்தி உயரத் திருத்தமும் இதற்குப் பொருந்தாது; மெல்லிய காற்றில் தடைவிசை குறைவதால் சிறு ஆதாயமே கிடைக்கும். மின்கலத்தின் வெப்பநிலையும் மின்னூட்ட அளவும் பதிவேட்டில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பழைய சீட்டுகளை ஒப்பிடுதல்

பல பத்தாண்டுகள் நீளும் பதிவேடுகளில் அளவீட்டு முறையின் மாற்றங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். முடிவு வேகம் தற்போது இறுதி 66 அடியின் சராசரியாக எடுக்கப்படுகின்றது. 1980களின் இறுதி வரை, முடிவுக் கோட்டுக்கு முன்னும் பின்னும் 66 அடியாக மொத்தம் 132 அடியில் அது அளக்கப்பட்டது. கோட்டைத் தாண்டியும் தானுந்து முடுகிக்கொண்டிருக்குமாதலால் பழைய வேகங்கள் சற்று உயர்வாகத் தோன்றும். தெருத் தானுந்துகளில் இவ்வேறுபாடு மணிக்கு ஒரு மைலுக்கும் குறைவே. 2008 இல் ஸ்காட் கலிட்டா பந்தயத்தில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் இரு உயர்நிலைப் பிரிவுகளின் தொலைவு 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. அப்பிரிவுகளின் பிந்தைய நேரங்களை முந்தைய கால் மைல் நேரங்களுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. பழைய சீட்டுகளில் 1,000 அடி நேரம் அச்சிடப்பட்டிருந்தால் அதனை ஒப்பிடலாம்.