அலெக்சாண்டர் பிறக்காதிருந்தால் அசோகனுக்கு ஏது ஆண்டு?

பள்ளிக்கூடத்தில் அலெக்சாண்டர் பாடம் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், அவர் பொறக்காமலே போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை இப்போது என் பதில் இதுதான்: நடந்ததெல்லாம் ஏறக்குறைய அப்படியே நடந்திருக்கும். எது எப்போது நடந்தது என்பதுதான் நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கி.மு. 326இல் அலெக்சாண்டர் சிந்துவைக் கடந்தான். ஜீலம் கரையில் போரஸை வென்றான். பியாஸ் ஆற்றோடு அவன் படையே மேலே வர மறுத்துவிட்டது. திரும்பும் வழியில் மல்லர் கோட்டையில் அவன் மார்பில் அம்பு தைத்ததற்காக, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் உள்ளே இருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். அவன் பிறக்காதிருந்தால் அந்தச் சனங்கள் பிழைத்திருப்பார்கள். இதை முதலில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மற்றபடி, கங்கைச் சமவெளியில் அவன் காலடி படவே இல்லை. மகதத்தில் நந்தர்கள் ஏற்கெனவே பெரும்படையோடு இருந்தார்கள். அவர்களைக் கவிழ்க்க ஒரு சந்திரகுப்தன் எப்படியும் கிளம்பியிருப்பான். மேற்குத் தொடர்புக்கும் அலெக்சாண்டர் தேவைப்படவில்லை. அவனுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காந்தாரமும் சிந்துவும் பாரசீக மன்னன் டேரியஸுக்குத் திறை கட்டின.

ஆனால் அலெக்சாண்டருக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்தார்கள். கி.மு. 323இல் அவன் பாபிலோனில் இறந்ததும் பேரரசு துண்டானது. கிழக்குப் பகுதியைப் பிடித்த செலூக்கஸ், சந்திரகுப்தனோடு மோதி, பிறகு சமாதானமாகி, நிலத்தைக் கொடுத்து 500 யானைகளை வாங்கிக்கொண்டு போனான். அவன் தூதர் மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்கு வந்து 'இண்டிகா' எழுதினார். அந்த நூல் அழிந்துவிட்டது. பின்னால் வந்த கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எடுத்தாண்ட துணுக்குகள்தான் மிச்சம். கிரேக்கர் எழுத்தில் மன்னன் பெயர் சாண்ட்ரகோட்டஸ், தலைநகர் பாலிபோத்ரா.

இவை யார், எந்த ஊர் என்று கண்டுபிடித்தவர் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ். கங்கையும் எரன்னோபோவாஸ் என்ற ஆறும் கூடுமிடத்தில் பாலிபோத்ரா இருந்தது என்பது கிரேக்கர் கூற்று. பாடலிபுத்திரம் இருந்த பாட்னாவுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கங்கையில் கலந்த ஆறு சோணை. ஆனால் கிரேக்கர்களோ சோணையைத் தனி ஆறாகச் சொல்கிறார்களே! இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தவர், சோணைக்கு ஹிரண்யபாஹு என்று இன்னொரு பெயர் உண்டு என்பதைப் பழைய வடமொழி ஏடு ஒன்றில் பார்த்தார். ஹிரண்யபாஹுதான் கிரேக்கர் நாவில் எரன்னோபோவாஸ் ஆகியிருந்தது. ஊர் பாடலிபுத்திரம் என்றானதும் மன்னன் சந்திரகுப்தன் என்று தெரிந்தது. 1793இல் ஆசியவியல் கழகத்தில் இதை அறிவித்தார். நம் வரலாற்றில் இதற்கு ஈடான கண்டுபிடிப்புகள் ஒருசிலவே என்பேன். புராணங்களில் மன்னர் பட்டியல் உண்டு, ஆண்ட ஆண்டுகளின் கணக்கும் உண்டு. நீளமான கயிறு, கட்டத்தான் முளை இல்லை. செலூக்கஸின் ஆண்டு தெரியும். ஆகவே சந்திரகுப்தனின் காலமும் தெரிந்துபோனது.

அசோகன் கதையும் இதேதான். அவனுடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு ஐந்து யவன மன்னர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், இன்னொரு அலெக்சாண்டர். இவர்களில் பெரும்பாலோர் உடைந்த பேரரசின் துண்டுகளை ஆண்டவர்கள். ஐவரும் ஒரே சமயத்தில் ஆட்சியில் இருந்தது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், கொஞ்ச காலம்தான். அதே கல்வெட்டு சோழரையும் பாண்டியரையும் சொல்கிறது. இரண்டாம் கல்வெட்டில் கேரளபுத்திரரும் சத்தியபுத்திரரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். விடை கிடைத்தது எங்கள் பக்கத்தில், திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில். 1981இல் அங்கே ஒரு குகைத்தளத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை படித்த தமிழ்பிராமிக் கல்வெட்டு ஒரே வரிதான். 'சதியபுதோ' அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி என்கிறது. அசோகன் குறித்தது இந்த அஞ்சியின் முன்னோரை. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியர் குடி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அசோகனின் கல்லில் ஏறிவிட்டது. அந்த நூற்றாண்டை நாம் தயங்காமல் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு எகிப்திலும் சிரியாவிலும் ஆண்ட மன்னர்களின் கணக்கு வேண்டியிருக்கிறது.

இன்றைக்குக் கரிமக் கணிப்பு இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் பொருந்தல் என்ற ஊரின் ஈமக்குழியில் கிடைத்த நெல்லை கி.மு. 490 என்று ஆய்வுக்கூடம் சொன்னபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் நெல்லைப் போல ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள் கிடைத்தால்தான் ஆய்வுக்கூடம் பேசும். பாறையில் வெட்டிய எழுத்துக்கு அது வயது சொல்லாது. அசோகன் அந்த 13ஆம் கட்டளையை எந்த ஆண்டுகளுக்குள் வெட்டச் சொன்னான் என்று கணக்கிட, வட ஆப்பிரிக்காவின் சைரீனில் மகஸ் எப்போது இறந்தான் என்றுதான் இன்னும் பார்க்கிறார்கள்.