போடு, எடு

ராயபுரத்தில் குடியிருப்பவனுக்குச் சரக்கு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர்ச் சாலைப் பக்கம் போனால் போதும். துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் லாரிக்கு முன்னால் போய்ச் சேரவேண்டிய சரக்கு ஒன்று உண்டு. அதற்குச் சக்கரம் கிடையாது. கம்ப்யூட்டர்க்காரர்கள் அதை ஃபைல் என்கிறார்கள். நாம் கோப்பு என்போம்.

என் தங்கை மகனுக்கு ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் உத்தியோகம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் ராத்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். சரக்குக்கான காகிதங்களையெல்லாம் படம் பிடித்து, ஒரே மூட்டையாகச் சுருக்கிக் கட்டி, வெளியூர்க் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறான். கறுப்புத் திரையில் 'புட்' என்று அடித்தான். அதாவது, போடு. '226, முடிந்தது' என்று பதிலும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் மூட்டை பிரியவில்லை. லாரி வெளியிலேயே ராத்தங்கிவிட்டது. அந்த வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"போய்ச் சேர்ந்துச்சுன்னு மெஷினே சொல்லிச்சு மாமா. நான் என்ன பண்ணட்டும்?"

"அனுப்பின அளவும் சேர்ந்த அளவும் ஒண்ணுதானா, பார்த்தியா?"

பார்த்தான். பதின்மூன்று பைட் குறைந்திருந்தது. வழியில் யார் திருடினார்கள்? அதைத் தேடிப் போனதில்தான் இந்தச் சரித்திரம் எனக்குக் கிடைத்தது.

1871ஆம் ஆண்டு கடலடிக் கம்பி ஒன்று சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் தந்தியால் இணைத்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1971 ஏப்ரலில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஓர் இந்தியர் சில பக்கங்களில் ஒரு யோசனை எழுதினார். பெயர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து 1965ல் வெளிவந்த முதல் கோஷ்டியைச் சேர்ந்தவர். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை இன்னொன்றுக்கு எப்படி அனுப்புவது என்பதே விஷயம். எஃப்.டி.பி. என்று இன்று சொல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். அன்றைய யந்திரங்களைப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். ஒன்று 36 பிட்டை ஒரு சொல்லாகக் கொள்ளும். இன்னொன்று எட்டெட்டாக எண்ணும். ஆங்கில 'ஏ' எழுத்து ஆஸ்கி முறையில் 65, ஐ.பி.எம். முறையிலோ 193. ஒருவர் வீசையிலும் மற்றவர் ராத்தலிலும் நிறுத்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? ஆகவே இரண்டு வழி வைத்தார்கள். எழுத்துக்கோப்பு என்றால், போகும் இடத்து வழக்கப்படி மாற்றிக் கொடு. மற்றவை என்றால், ஒரு பிட்டும் தொடாமல் அப்படியே கொடு. பின்னதற்குப் பெயர் பைனரி. ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்துக்கோப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. 1985ல் போஸ்டலும் ரேனால்ட்ஸும் திருத்தி எழுதியபோதும் அந்த விதி அப்படியே இருந்தது.

திருடன் அகப்பட்டுவிட்டான். வரி முடிவதை விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு எண்களால் குறிக்கும். யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். எழுத்து வழியில் போனால் 13ஐ யந்திரம் கழித்துவிடும். கடிதத்துக்கு அது உபகாரம். சுருக்கிக் கட்டிய மூட்டையிலோ வரியே கிடையாது. ஆனாலும் 13, 10 என்ற ஜோடி தற்செயலாகப் பத்து லட்சம் பைட்டுக்குப் பதினைந்து தடவை போல வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பைட் போயிற்று. யந்திரம் பொய் சொல்லவில்லை. துறைமுகத்து டாலி கிளார்க் மூட்டையை எண்ணுவார், பிரித்துப் பார்ப்பாரா?

இந்த முறைக்கு வேறொரு குறையும் உண்டு. கடவுச்சொல்லைத் தபால் கார்டில் எழுதியதுபோல வெட்டவெளியாகக் கொண்டுபோகும். அப்படிக் கடவுச்சொற்கள் களவு போன பிறகுதான், 1995ல் பின்லாந்தில் டாட்டு யூலெனென் என்பவர் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டுப் போட்ட வழியை அமைத்தார். 2021ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன.

மறுநாள் பையன் இதையெல்லாம் முதலாளியிடம் விளக்கினான். முதலில் 'பைனரி' என்று அடித்து, அதே மூட்டையை அவர் கண்ணெதிரே மறுபடி போட்டான். பிரிந்தது. அவர் வெகு நேரம் யோசித்துவிட்டுப் பாதி வாடகையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"மீதிப் பாதிக்கு அவருக்கு நான் நன்றி சொல்லணுமா மாமா?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் எதை அனுப்பினாலும் இரு பக்கத்து அளவையும் அவன் எழுதி வைத்துக்கொள்கிறான். அந்த நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துக் கிடங்குக் கணக்கு மாதிரியே இருக்கிறது.