றோஜர்ஸ் கணவாயில் புதைந்த 58 பேர்

பனி என்றால் எங்களில் பலருக்கு வாசலில் கொட்டிக் கிடப்பதும், வேலைக்குப் போகுமுன் சவளால் அள்ளி எறிவதும்தான். கனடாவின் மேற்கு மலைநாட்டில் அதே பனி ஆளைக் கொல்லும். அங்கே ஸ்கீ சறுக்கப் போகும் பிள்ளைகள் இப்போது எம்மவரிடையேயும் இருப்பதால், இம்மாதம் றோஜர்ஸ் கணவாயின் கதையைச் சொல்ல எண்ணினேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் செல்கேர்க் மலைகளைக் கடக்கும் வழி இது. 1885இல் கனேடிய பசிபிக் புகையிரதப் பாதை இதனூடாகப் போடப்பட்டது. தண்டவாளத்தைக் காக்க 31 மரக் கூரைகள் கட்டினார்கள். அப்படியிருந்தும் 1911 வரையில் 200க்கும் மேற்பட்டவர்கள் பனிச்சரிவுகளில் இறந்தார்கள்.

1910 மார்ச் 4. பல நாட்கள் விடாமல் பனி கொட்டியிருந்தது. பிற்பகல் சியோப்ஸ் மலையிலிருந்து ஒரு சரிவு இறங்கிப் பாதையை மூடியது. பனி வெட்டும் இயந்திரத்தோடு ஒரு கூட்டம் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். இயந்திரம் வெட்டிக்கொண்டு போக, பனியோடு வந்த மரங்களையும் கற்களையும் ஆட்கள் கையால் அகற்றினார்கள். இருபக்கமும் பனிச்சுவர், நடுவில் ஆட்கள். நள்ளிரவு நெருங்கும்போது எதிர்ப்பக்கத்து மலை சரிந்தது. அந்த மலையின் பெயரே பனிச்சரிவு மலை! வெட்டிய கிடங்கு அப்படியே நிரம்பியது. 58 பேர் மாண்டனர். என்ஜினில் நெருப்புப் போடுபவர் ஒருவரைச் சரிவின் காற்று தூக்கி எறிந்ததால் அவர் தப்பினார்.

இறந்தவர்களில் 32 பேர் யப்பானியத் தொழிலாளர். இந்த எண்ணிக்கையைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. கடலுக்கு அப்பால் எத்தனை வீடுகளில் கடிதத்துக்குக் காத்திருந்திருப்பார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறாண்டு கழித்து, 2010இல், அவர்கள் எல்லோரையும் நினைவுகூர்ந்து ஒரு நிகழ்வு நடந்தது.

கம்பனி மலையோடு மல்லுக்கட்டுவதை விட்டது. கணவாய்க்குக் கீழே 8 கிலோமீற்றர் நீளமான கொனோட் சுரங்கப்பாதை 1916இல் திறக்கப்பட்டது. ஆனால் 1962இல் நெடுஞ்சாலை மீண்டும் மேலே வந்தது. அதைக் காக்க இராணுவம் பீரங்கியால் மலையைச் சுடுகிறது. ஷெல் சத்தம் கேட்டு ஓடி வந்த எங்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். வீதியை மூடிவிட்டு, பனி பெரிதாகச் சேருமுன் சிறிது சிறிதாக விழுத்துகிறார்கள்.

பனி ஏன் இப்படிச் சரிகிறது? அது ஒரே குவியல் அல்ல, ஒவ்வொரு பொழிவும் ஒரு படை. அடியில் ஒரு படை சீனிபோல உதிரியாகிவிட்டால் மேலுள்ள பாரத்தைப் பிடிக்காது. சரிவு 30 முதல் 45 பாகை வரை இருந்தால் முழுப் பலகையாகக் கழன்று வரும். பல வேளைகளில் ஒரு ஆளின் பாரமே போதும்.

2003 பெப்ரவரி 1ஆம் திகதி, அதே சியோப்ஸ் மலை. ஆசிரியர்களோடு ஸ்கீ பயணம் போன 14 மாணவர்களில் 7 பேர் இறந்தனர். மேலே நின்று கண்ட இரு வழிகாட்டிகள் ஓடிவந்து தோண்டியதால் மற்றவர்கள் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு நாட்டுக்கென ஒரு பனிச்சரிவு நிலையம் உருவானது. இன்று அவலாஞ்ச் கனடா என்ற பெயரில் அது மாரி முழுவதும் ஆபத்து அறிவிப்பு வெளியிடுகிறது.

பிள்ளை அந்தப் பக்கம் போகிறேன் என்றால் சமிக்ஞைக் கருவி, துளாவும் கம்பு, சவள் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை. வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரம் செல்லும். அன்றைய ஆபத்துப் படி எத்தனை என்றும் கேளுங்கள். மொத்தம் 5 படி. 3 என்றால் நடுத்தரம்தானே என்று விட்டுவிட வேண்டாம். 2003இல் அந்த மாணவர்கள் போன நாளில் உயர்ந்த சரிவுகளுக்குக் கொடுத்திருந்த படியும் 3தான்.